சாய்ப்பு போட லைசென்ஸ் எங்கே வாங்கணும்?

(மாட்டுத்தாவணிப் பக்கம் வெல்டிங், ரூஃபிங் வேலை செய்பவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம். போனில் படிப்பவர்களுக்காகச் சில இடங்களில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் என்னைவிட வயசில் மூத்த அண்ணன்கள். நான் வெல்டிங் ராடைக் கையில் பிடித்ததே இல்லை. அதனால உங்க தொழிலை உங்களுக்குச் சொல்லித்தர நான் வரலை. உங்க தொழிலைச் சுத்தி இருக்கிற காகிதங்களைப் பற்றித்தான் பேசப்போறேன். அது எங்க துறை வேலை.

போன மாசம் ஒரு தம்பி தன் போனை என்கிட்ட நீட்டி, "அக்கா, இது அசலா பாருங்க" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பி.டி.எஃப். அதற்கு 8,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். "ஆனிங் கான்ட்ராக்டர் லைசென்ஸ், மூணே நாளில்" என்று ஒரு விளம்பரம் வந்ததாம். பணம் கட்டின மூணாம் நாள் இது வந்திருக்கு. திறந்து பார்த்தேன். அது உத்யம் பதிவுச் சான்றிதழ். போலி இல்லை, அசல்தான். ஆனா அது உரிமம் கிடையாது. சிறு தொழில் செய்கிறவர் யாராக இருந்தாலும் தன் ஆதார் எண்ணை வைத்துத் தானே, ஒரு ரூபாய் செலவில்லாமல் எடுக்கக்கூடிய பதிவு அது. தொழில் வகை என்ற இடத்தில் துணி வியாபாரம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தம்பி மூணு வருஷமா தகர ஷெட் போடுகிறவர்.

அந்த 8,500 ரூபாய் அவருக்கு எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அவர் கேட்ட கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன். கடை வாசலில், வீட்டு மாடியில், கார் நிறுத்துற இடத்தில் சாய்ப்பு, ஷெட், ஆனிங் போடுகிற ஒப்பந்ததாரருக்குத் தமிழ்நாட்டில் லைசென்ஸ் எங்கே வாங்கணும்?

அந்தப் பெயரில் தனியாக ஒரு லைசென்ஸ் நம்ம மாநிலத்தில் இல்லை. யாராவது இருக்கு என்று சொல்லிப் பணம் கேட்டா, அங்கேயே போனை வெச்சிடுங்க.

அப்போ அந்த விளம்பரம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் உண்மையாகவே இப்படி ஒரு உரிமம் இருக்கு. அங்கே ஒப்பந்ததாரர்களுக்கென்று மாநில அரசின் உரிம வாரியம் ஒன்று உண்டு. சி-61 என்ற பிரிவுக்குள் டி-3 என்று ஒரு உட்பிரிவு, அதற்குப் பேரே 'ஆனிங்'. நாலு வருஷ வேலை அனுபவம் காட்டணும், சட்டமும் வணிகமும் பற்றித் தேர்வு எழுதணும், 25,000 டாலருக்கு ஒரு உத்தரவாதப் பத்திரம் கொடுக்கணும். வேலையில் குறை வைத்து ஓடிப்போனா, வாடிக்கையாளர் அந்தப் பத்திரத்தில் இருந்து நஷ்டஈடு கேட்கலாம். அதைப் பற்றின வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கு. அதைப் பார்த்துட்டு இங்கே நம்ம ஆட்கள் தேட, அந்தத் தேடலைப் பிடித்து இங்கே ஒருத்தர் கடை போட, கதை இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்ம ஊர்ச் சட்டத்திலும் சாய்ப்புக்கு உரிமம் என்று ஒன்று பழைய காலத்திலேயே இருந்திருக்கு, ஆனா அது வேற மாதிரி. மதுரை நகராட்சியாக இருந்த காலத்தில் 1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இருந்தது. தெருவுக்கு மேலே நீளுகிற தாழ்வாரம், பால்கனி, வெயில் மறைப்பு இதற்கெல்லாம் உரிமம் கொடுக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. அந்த உரிமத்தை யாருக்குக் கொடுத்தார்கள்? கட்டடத்தின் சொந்தக்காரருக்கோ, அதில் குடியிருக்கிறவருக்கோ. போட்ட ஆசாரிக்கு இல்லை. 1971-ல் மதுரை மாநகராட்சி ஆனது. இப்போ நடைமுறையில் இருப்பது 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-ல் வந்த அதன் விதிகளும். சட்டம் மாறினாலும் இந்த விஷயம் மாறலை. சாலைக்கு மேலே நீட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டியவர் கடைக்காரர். அனுமதி இல்லாமல் நீட்டினதைப் பிய்த்துப் போடும்போது நஷ்டப்படுவது, கடைக்காரரும் நீங்களும்.

மாட்டுத்தாவணி என்ற பேரே மாட்டுச் சந்தை என்ற பொருளில் வந்தது, உங்களுக்குத் தெரியும். 1999-ல் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் இங்கே வந்தது. அப்புறம் பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், ஆம்னி பஸ் நிலையம் என்று சேர்ந்துக்கிட்டே போச்சு. ஒவ்வொன்றையும் சுத்தி டீக்கடை, டிபன் கடை, மொபைல் கடை. மதுரை வெயிலுக்கு வாசலில் நிழல் இல்லாத கடையில் யார் நிற்பார்கள்? உங்களுக்கு வேலை கிடைத்ததே அப்படித்தான். இன்னொரு காரணமும் உண்டு. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கப்புறம் பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. மெல்ல மெல்லக் கடை, ஹோட்டல், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் கீற்றுக்குப் பதில் தகடு ஏறிடுச்சு. கீற்று வேய்ந்தவருக்கு யாரும் சான்று கேட்கலை. தகடு போடுகிறவருக்கும் கேட்கலை.

சரி, தனி லைசென்ஸ் இல்லை. அப்போ சட்டப்படி தொழில் பண்ண என்னதான் வேணும்? ஒவ்வொன்றாகச் சொல்றேன். இதில் பாதி வேலையைக் கையில் இருக்கிற போனிலேயே முடிக்கலாம்.

முதல்ல உங்க ஆதாரோட உங்க மொபைல் எண் சேர்ந்திருக்கா என்று பாருங்க. இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போறதால நின்னுபோன விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். மனைவி எண்ணைக் கொடுத்திருப்போம், அண்ணன் எண்ணைக் கொடுத்திருப்போம், தொலைஞ்சுபோன சிம் எண் அதில் இருக்கும். ஆதார் சேவை மையத்திலோ தபால் நிலையத்திலோ போய் ஒரு தடவை மாத்திட்டா, மத்த எல்லா வேலையும் சுலபம்.

அடுத்து உத்யம். 2020 ஜூலை மாதத்தில் இருந்து நடப்பில் இருக்கும் ஒன்றிய அரசின் பதிவு இது. ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் இருந்தாப் போதும். கட்டணம் கிடையாது, எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. இணையதள முகவரியின் முடிவில் அரசு முகவரிக்கான 'கவ் டாட் இன்' இருக்கா என்று பார்த்துட்டு உள்ளே போங்க. அதே மாதிரி தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள் 'விண்ணப்பக் கட்டணம்' என்று பணம் கேட்கும். தொழில் வகை கேட்கிற இடத்தில்தான் கவனம் வேணும். பட்டறையில் சட்டம், ட்ரஸ் செய்து எடுத்துப்போறீங்கன்னா அது உற்பத்தி, எண் 2511-ல் ஆரம்பிக்கும் இரும்புக் கட்டமைப்புப் பொருட்கள் வகை. போய் மாட்டிக் கொடுக்கிறது கட்டுமானச் சேவை, 43-ல் ஆரம்பிக்கும். ரெண்டும் செய்றவங்க ரெண்டையும் சேர்க்கலாம். அந்தத் தம்பியின் சான்றிதழில் துணி வியாபாரம் என்று இருந்ததை அன்னைக்கே, அதே தளத்தில், அவர் போனிலேயே திருத்தினோம். கால் மணி நேரம் ஆச்சு. அதற்கும் கட்டணம் இல்லை.

உத்யம் இருந்தா வங்கியில் கடன் கேட்கலாம், மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்சவங்களுக்கு 'நீட்ஸ்' திட்டம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் தொழில் தொடங்கினா அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம். வயது வரம்பு, உச்சவரம்பு எல்லாம் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கிற அன்னைக்குத் தளத்தில் இருக்கிறதைப் படிச்சுக்கோங்க.

இனி மாநகராட்சி. இங்கேதான் பெரிய குழப்பம். 'தொழில் வரி' வேற, 'தொழில் உரிமம்' வேற. தொழில் வரி என்பது வருமானத்தைப் பொறுத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டுவது. அரசியலமைப்புச் சட்டப்படியே ஒருவருக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. தொழில் உரிமம் என்பது, இந்த இடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாம் என்று மாநகராட்சி கொடுக்கும் அனுமதி. வெல்டிங் பட்டறை என்றால் நெருப்பு இருக்கு, சத்தம் இருக்கு, கேஸ் சிலிண்டர் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கார். அதனால உரிமம் வேணும். தொழில் வரி ரசீதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, "இதாம்மா எங்க லைசென்ஸ்" என்று என்னிடம் காட்டினவங்க உண்டு. அதிகாரி ஆய்வுக்கு வரும்போது அது செல்லாது.

தொழில் உரிமத்துக்கு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இல்லைன்னா உங்க மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். சொந்த இடம் என்றால் சொத்து வரி ரசீது, வாடகை என்றால் வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: கட்டடச் சொந்தக்காரர் சொத்து வரி பாக்கி வைத்திருந்தா உங்க விண்ணப்பமும் இழுத்துக்கிட்டே போகலாம். பட்டறை எடுக்கும்போதே கேட்டுடுங்க. பட்டறை ஊராட்சி எல்லைக்குள் இருந்தா ஊராட்சி அலுவலகம். மாநகராட்சி எல்லை எங்கே முடியுது என்று சந்தேகமா இருந்தா, வீட்டு வரி ரசீதில் யார் பேர் இருக்கு என்று பாருங்க. உரிமம் கிடைத்ததும் காலாவதித் தேதியைப் போன் காலண்டரில் ஒரு மாசம் முன்கூட்டியே போட்டு வைங்க.

ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டீங்க. பொருளும் போட்டு, கட்டடத்தில் பொருத்தியும் கொடுப்பதை ஒப்பந்தப் பணி என்று சேவையாகப் பார்க்கிறார்கள். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினா பதிவு கட்டாயம். வரவு என்றால் லாபம் இல்லை, வாங்குற மொத்தத் தொகை. மாசம் ரெண்டு லட்சத்துக்கு வேலை எடுக்கிறவர் வருஷத்தில் தாண்டிடுவார். "கையில் நிக்கிறது இருபதாயிரம்தானே" என்று நினைச்சு ஏமாறாதீங்க.

அரசு வேலை எடுக்கணும்னா அது தனிப் பாதை. பொதுப்பணித் துறையிலும் மாநகராட்சியிலும் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யணும், அங்கே வகுப்பு வகுப்பாப் பிரிச்சிருக்காங்க. முன்னாடி செய்த வேலைக்குச் சான்று, தாசில்தார் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்பாங்க. அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தப்புள்ளி எல்லாம் இப்போ இணையத்தில்தான், அதற்கு டிஜிட்டல் கையொப்பம் வேணும். பள்ளிக்கூட சைக்கிள் ஷெட், பஸ் ஸ்டாப் நிழற்குடை மாதிரி வேலைகள் இந்த வழியாத்தான் வரும். பில் இல்லாமல் பத்து வருஷம் வேலை செய்தவர் இங்கே வந்து நிற்கும்போது, அந்தப் பத்து வருஷமும் காகிதத்தில் இருக்காது. அதனால இன்னைக்குப் போடுற சின்ன ஷெட்டுக்கும் பில் கொடுங்க.

இன்னொரு விஷயம். பட்டன் அமுக்கினா விரியுற மோட்டார் ஆனிங் இப்போ ஹோட்டல்களில் வருது. அந்த மோட்டாருக்கு வயரிங் செய்றதை நீங்களே பார்க்காதீங்க. மின் ஒப்பந்ததாரருக்குத் தமிழ்நாட்டில் உண்மையிலேயே உரிமம் உண்டு. கிண்டியில் இருக்கிற மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிறது. அந்த உரிமம் உள்ளவரைக் கூட்டிட்டு வாங்க.

காகிதம் இத்தனைதான். இனிமேல் சொல்லப்போறது காகிதத்தில் வராதது. கலிஃபோர்னியாவில் நாலு வருஷ அனுபவம் இருக்கா என்று ஒரு வாரியம் பார்க்குது. இங்கே உங்க வேலையை மாட்டுறதுக்கு முன்னாடி யாரும் வந்து பார்க்கிறதில்லை. காத்துதான் முதல்ல சோதிக்கும்.

எங்க அப்பா ஒத்தக்கடையில் சின்னதா ஒரு சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நான் காலேஜ் படிக்கும்போது வாசலில் பத்தடிக்கு அஞ்சடி சாய்ப்பு ஒன்று போட்டார். சித்திரை மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம், கோடை மழைக்கு முன்னாடி அடிக்குமே ஒரு காத்து, அதில் அந்தச் சாய்ப்பு மேல் பக்கமாப் புரண்டு, போல்ட் எல்லாம் செங்கல் துண்டோட பேர்ந்து, ரோட்டின் அந்தப் பக்கம் போய் விழுந்தது. ரோட்டில் அப்போ யாரும் இல்லை. ஒரு நிமிஷம் முன்னாடி டியூஷன் விட்டு வந்த பிள்ளைங்க போயிருந்தாங்க. போட்டவரைத் தேடினா போன் எடுக்கலை. பில் இல்லை, பேர் மட்டும் தெரியும். அப்பா அதற்கப்புறம் ரெண்டு வருஷம் வாசலில் குடைதான் வைத்திருந்தார்.

ஏன் மேலே புரண்டது என்று அப்போ எனக்குப் புரியலை. தகடு கீழே விழாமல் இருக்கத்தானே தாங்கு கொடுக்கிறோம்? பின்னாடி ஒரு பொறியாளர் விளக்கினார். காத்து விசைக்கென்று ஐ.எஸ். 875 என்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கு, அதன் மூன்றாம் பகுதி. கட்டடக் கணக்குக்கு மதுரையில் நொடிக்கு 39 மீட்டர் வேகக் காத்தை எடுத்துக்கணும் என்று அதில் இருக்கு. மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அங்கே புயல் வரும். 39 மீட்டர் காத்து ஒரு சதுர மீட்டரில் சுமார் 90 கிலோ அழுத்தம் கொடுக்கும். பத்துக்கு அஞ்சு சாய்ப்பு என்றால் நாலரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 400 கிலோவைத் தாண்டுது. தகடு மட்டும் எடை போட்டா இருபது கிலோ தேறும். இருபது கிலோவைத் தாங்கப் போட்ட போல்ட்டை நானூறு கிலோ மேலே இழுத்தா என்ன ஆகும்? இது ஒரு எளிய கணக்குதான். உயரம், சரிவு, மூணு பக்கம் திறந்திருக்கா, ஒரு பக்கம் திறந்திருக்கா, இதெல்லாம் சேர்ந்தா எண் மாறும், சில நேரம் கூடும். பெரிய ஷெட் என்றால் ஒரு பொறியாளரிடம் கணக்கு வாங்கிடுங்க. அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேளுங்க, தயங்காதீங்க.

மும்பையில் 2024 மே 13-ந் தேதி காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் இறந்தது நினைவிருக்கும். 120 அடிக்கு 120 அடிப் பலகை. மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40 அடிதான். அதுவும் கோடை மழைக் காத்துதான். நாம போடுறது அவ்வளவு பெரிசு இல்லை. ஆனா காத்து நம்ம தகடையும் அதே மாதிரித்தான் தள்ளும்.

பழைய கட்டடம் என்றால் சுவரைத் தட்டிப் பாருங்க. சுண்ணாம்புக் காரை போட்ட செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடிச்சா, இறுக்க இறுக்கச் செங்கலே வெடிக்கும். சுவரை ஊடுருவி அந்தப் பக்கம் பட்டைத் தகடு வைத்து நட்டு போடுறதே நல்லது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா என்று அந்த மூலையில் இருக்கிற அண்ணன் சிரிக்கிறார். தெரியும், உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் "ரேட்டைக் குறை" என்று சொல்லும்போது முதலில் குறையுறது இந்தப் பட்டைத் தகடுதான், அதனாலதான் சொல்றேன்.

மின்கம்பி. தயவுசெஞ்சு இதை மட்டும் கவனமாக் கேளுங்க. தெருவில் போகிற சாதாரணத் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது நாலடி இடைவெளி வேணும். கம்பிக்குக் கீழே என்றால் கூரை உச்சிக்கு மேல் 2.5 மீட்டர், எட்டடிக்குக் கொஞ்சம் மேல். 11 கே.வி. உயரழுத்தக் கம்பி என்றால் மேலே 3.7 மீட்டர் விடணும். நீங்க போடுற தகடு அந்தக் கட்டடத்தோட புது விளிம்பு. முன்னாடி கட்டடத்துக்கு ஆறடி தள்ளி இருந்த கம்பி, நாலடி சாய்ப்பு போட்டதும் ரெண்டடியில் வந்துடும். இருபதடி ஸ்கொயர் பைப்பைச் செங்குத்தாத் தூக்கும்போதும் இதே ஆபத்துதான். கம்பியை நகர்த்தணும்னா கடைக்காரர் மின்வாரியத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். வேலை நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தணும்னா பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. தெரிஞ்ச லைன்மேனுக்கு போன் போட்டு முடிக்கிற வேலை இல்லை இது. மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பாங்க.

கூட வேலைக்கு வரும் பையன்களைப் பற்றியும் பேசணும். நீங்க ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போய் ஏணியில் ஏத்தினா, அந்த நேரத்துக்கு நீங்கதான் முதலாளி. வேலையில் அடிபட்டா இழப்பீடு முதலாளி பொறுப்பு என்பது 1923-ம் ஆண்டில் இருந்தே நம்ம நாட்டில் சட்டம். "அவன் என் மச்சான்தான்" என்று சொன்னா பொறுப்பு போகாது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 வயது முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம், பதிவு இலவசம், இணையத்திலேயே செய்யலாம். விபத்து, கல்வி, திருமணம், ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கு. ஆனா பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவங்க நம்மிடம் நிறைய. இன்னைக்கே அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்க. அதோட வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கு, விபத்தில் இறந்தா 2 லட்சம் ரூபாய். இருபது ரூபாய், ரெண்டு டீ காசு. உங்க பையன்கள் எத்தனை பேருக்கு இது இருக்கு? கை தூக்குங்க பார்ப்போம். (ரெண்டு பேர் தூக்கினார்கள்.) பத்துப் பேருக்கு மேல் வைத்து வேலை வாங்குற அண்ணன்கள் இ.எஸ்.ஐ. பற்றியும் விசாரிச்சுக்கோங்க.

போனில் இதைப் படிக்கிற கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் இருப்பீங்க. உங்களுக்கும் கொஞ்சம். சதுர அடி ரேட்டை மட்டும் கேட்காதீங்க. தகடு எத்தனை எம்.எம்., பைப் எத்தனை எம்.எம்., எந்த வகை போல்ட், எத்தனை வருஷ உத்தரவாதம், இதை ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. சாலை மேல் நீளுதா என்று நீங்களே முதலில் பாருங்க, அனுமதியை நீங்கதான் வாங்கணும். சில சாலை மாநகராட்சி, சில சாலை நெடுஞ்சாலைத் துறை, கேட்டுட்டுச் செய்யுங்க. மாடியில், காலியிடத்தில் புதுசா ஷெட் எழுப்புறதுக்கும் கட்டட விதிகள் உண்டு. பக்கத்து வீட்டுக்கு விட வேண்டிய காலியிடத்தைத் தகடு போட்டு மூடிட்டு, பின்னாடி "தற்காலிகம்தானே" என்று சொன்னா கேட்க மாட்டாங்க. வேலையில் குறை இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனா அங்கே போனா முதலில் பில்லைத்தான் கேட்பாங்க. எங்க அப்பாவிடம் அதுதான் இல்லை.

பணம் ஏமாந்தவங்களுக்கு: 1930 எண்ணுக்கு உடனே கூப்பிடுங்க. பணம் போன முதல் சில மணி நேரம் ரொம்ப முக்கியம், அதற்குள் சொன்னா முடக்க வாய்ப்பு இருக்கு. அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் காரணமில்லாமல் நிக்குதுன்னா முதலமைச்சரின் உதவி மையம் 1100. விண்ணப்ப எண்ணைக் கையில் வெச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க. எண் இல்லாமல் "நான் கொடுத்தேன், அவங்க வாங்கினாங்க" என்று சொன்னா எங்களாலும் தேட முடியறதில்லை.

அந்த 8,500 ரூபாய்த் தம்பி மூணு வாரம் தாமதமா வந்ததால 1930-ல் பணம் திரும்பலை. புகார் மட்டும் பதிவாச்சு. மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கு இப்போ விண்ணப்பம் போட்டிருக்கார், சொத்து வரி ரசீதுக்காக வீட்டுக்காரர் பின்னாடி அலைஞ்சுக்கிட்டு இருக்கார். முந்தாநாள் ராத்திரி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். பூ மார்க்கெட் பக்கம் ஒரு கடை, மாடிச் சுவரில் இருந்து மின்கம்பி வரைக்கும் டேப் பிடிச்சிருக்கார். நாலடி ஆறங்குலம். கீழே எழுதியிருந்தார்: "அக்கா, அஞ்சடி சாய்ப்பு கேக்குறாங்க. கம்பிய நகத்திட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சரி, இனி உங்க கேள்விகளைக் கேளுங்க. உத்யம் எடுக்காதவங்க ஆதார் எண்ணோட இந்தப் பக்கம் வாங்க, இங்கேயே போட்டுடலாம்.